சிவப்பு மையில் என் பட்டாள எண்

கோரிமேட்டுச் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் வந்துவிட்டது தெரிந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் வரிசையாக இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஒன்றில் எனக்கு அன்று காலை வரை வேலை இருந்தது. இப்போது இல்லை. கையில் சாப்பாட்டு டப்பா. சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டாஞ்சாவடியைப் பார்த்து நடந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. பட்டாளத்திலிருந்து வந்த பதினோரு வருடத்தில் அது ஏழாவது இடம். செகந்தராபாத், சூரத், மங்களூர், அப்புறம் எங்கெங்கோ. சில இடங்களை நான் விட்டேன், சில இடங்கள் என்னை விட்டன. ஒரு தோள்பையில் அடங்காத எதையும் நான் சேர்த்துக்கொண்டதில்லை. அதனால் கிளம்புவதற்கு எனக்குக் கால் மணி நேரம் போதும்.

"அண்ணே, நில்லுங்கோ. உங்களத்தான்."

திரும்பினேன். காலையில் என்னிடம் ரத்தம் கொடுத்த பெண். நாற்பது வயது இருக்கும். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கொஞ்சம் நிலம், மாடு. பகலில் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை. வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வேகமாக வந்தார்.

"இன்னாண்ணே, நீங்க பாட்டுக்கு வீராப்பா கௌம்பிட்டீங்க. என் ஆபரேஷனுக்கு இன்னா பதில்?"

"நான் செய்யறத செஞ்சுட்டேம்மா. மொதலாளி ரிப்போர்ட்டக் கிழிச்சுப் போட்டாரு. நான் இன்னா பண்றது?"

"கிழிச்சது அவரு. எழுதுனது யாரு? நீங்கதான? பாதியில வுட்டுட்டுப் போறதுக்கா எழுதுனீங்க?"

நடையை நிறுத்தி ஒரு புங்க மர நிழலில் நின்றேன்.

அவருக்குப் பித்தப்பையில் கல். நகரத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் ஆபரேஷன் என்று முடிவாகி, இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் தட்டணு குறைவு என்பது காரணம். எல்லோரும் பிளேட்லெட் என்று சொல்கிறார்களே, அதுதான். ரத்தம் உறைய அது வேண்டும். அது குறைந்தவர் வயிற்றில் கத்தி வைக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார். மூன்றாவது முறையாக மறுநாள் காலைக்கு நாள் குறித்திருந்தார்கள். கம்பெனியில் மூன்றாவது முறையாக லீவு சொல்லியிருந்தார். இந்த முறையும் திரும்பி வந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"டெங்குவுக்குக் குடுக்கறாங்களே பப்பாளி எல ஜூசு, அதக் குடிக்காத நாளு இல்லண்ணே" என்று காலையில் கை நீட்டும்போதே சொன்னார். "எங்க தெரு பப்பாளி மரம் மொட்டையா நிக்குது. கசப்புல நாக்கு செத்துப்போச்சு. நம்பரு மட்டும் ஏறல."

அந்த நம்பரைத் தருவது ஒரு மெஷின். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து அதில் வைத்தால், ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் எண்ணித் திரையில் காட்டும். அவருக்கு முப்பத்தெட்டாயிரம் காட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தது. 'எனக்குச் சந்தேகம், கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்' என்று மெஷின் சொல்வது அது. நாங்கள் நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் எண் மட்டும் அச்சாகும். நட்சத்திரம் திரையோடு நின்றுவிடும். இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியபோதும் அந்த நட்சத்திரம் வந்திருக்கும். அப்போது நான் அங்கே வேலைக்குச் சேரவில்லை. யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தட்டணுக்கள் ஏராளமாக இருந்தன, ஆனால் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமல் இருக்க அந்த ஊதாக் குழாயில் ஒரு மருந்து இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த மருந்தே தட்டணுக்களைப் பசை போல ஒட்டிவிடும். ஐம்பது பேர் கட்டிப்பிடித்து நிற்பதை மெஷின் ஓர் ஆளாக எண்ணும், அல்லது எண்ணாமலே விட்டுவிடும். அவர் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. குறை குழாயில்தான். உறுதி செய்துகொள்ள அவரை மறுபடியும் கூப்பிட்டு, விரல் நுனியில் குத்தி, மருந்து படாத ரத்தத்தில் இன்னொரு ஸ்லைடு போட்டேன். தட்டணுக்கள் தனித்தனியாக, நிறைய இருந்தன. பத்து இடங்களில் எண்ணிச் சராசரி போட்டேன். இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

அடுத்து நான் செய்ததுதான் சிக்கல். பட்டாளத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிவேட்டில் ஒரு முடிவு தவறு என்று தெரிந்தால், அழிக்கக் கூடாது, தாளை மாற்றக் கூடாது. சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, எழுதியவன் தன் பட்டாள எண்ணைப் போட வேண்டும். யார் தலை உருள வேண்டும் என்பது அப்போது தெளிவாக இருக்கும். பதினேழு வருடம் செய்த கை. அச்சான தாளில் முப்பத்தெட்டாயிரத்தைச் சிவப்பில் அடித்தேன். 'ஸ்லைடில் பார்த்தது' என்று எழுதி எண்ணைக் குறித்தேன். கீழே என் பட்டாள எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் படித்து, சந்தோஷத்தில் கவுன்டரில் இருந்தவரிடம் காட்ட, அவர் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். அறைச் சுவரில் அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவச் சீருடையில் சைகோனில் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கும். என்னை வேலைக்கு எடுத்ததே அந்தப் படத்தைக் காட்டித்தான். "எங்க வீட்ல மூணு தலமொற சொல்தா. பட்டாளத்துக்காரன்னா எனக்கு ஒரு மரியாத உண்டு" என்று அன்று சொன்னார். சொல்தா என்றால் சிப்பாய். வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்று தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இன்னாய்யா இது?"

"ரிப்போர்ட் சார்."

"ரிப்போர்ட்டுனு தெரியுது. இந்தச் செவப்புக் கோடு?"

"மெஷின் தப்பா எண்ணியிருக்கு சார். ஸ்லைடு பார்த்தேன். கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கு. வந்து பாருங்க."

"கீழ இது இன்னா நம்பரு? உன் போன் நம்பரா?"

"பட்டாள நம்பர் சார்."

கவுன்டரில் இருந்தவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"எங்க லெட்டர்பேடுல உன் பட்டாள நம்பர எழுதறதுக்கு நீ யாரு? கையெழுத்துப் போடறதுக்கு டாக்டர் இருக்காரு. வாரத்துக்கு ரெண்டு நாளு வராரு. அவரு போடுவாரு."

"அந்தம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் சார். டாக்டர் வெள்ளிக்கிழமதான் வருவாரு."

"அது அவங்க பாடு. மெஷின் சொன்னதத்தான் நாம குடுக்கணும். நீ சொல்தா. மெத்சேன் இல்ல."

மெத்சேன் என்றால் டாக்டர். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பழைய எண்ணோடு புதுத் தாள் அச்சடிக்கச் சொன்னார். நான் ஸ்லைடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "மெஷின் சொன்னதுல ஒரு ஸ்டாரும் இருந்துச்சு சார், அதையும் சேர்த்து அச்சடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பத்தாவதைத் தனியாக எழுதி இரண்டாவது முறை தேறினேன். பட்டாள மருத்துவப் பிரிவில் சேர்ந்த பிறகு அவர்கள்தான் எனக்கு லேப் வேலை கற்றுக்கொடுத்தார்கள். சேர்ந்த இரண்டாம் வருடம் மலையில் சண்டை வந்தது. கூடார ஆஸ்பத்திரியில் ரத்த வகை பார்ப்பது என் வேலை. குளிரில் மருந்து உறைந்துவிடும் என்பதால் சின்னச் சின்ன பாட்டில்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவேன். சிப்பாயின் கழுத்துத் தகட்டில் ஒரு வகை பொறித்திருக்கும், நான் ரத்தத்தைச் சோதிக்கும் வெள்ளை ஓட்டில் வேறு வகை வரும். அப்படி ஒருமுறை வந்தபோது ஆபரேஷன் மேஜையில் இருந்த மேஜர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "நீ கண்ணால பார்த்தியா?" பார்த்தேன் என்றேன். நான் சொன்ன வகையைத்தான் ஏற்றினார். அந்த ஆள் பிழைத்தார். அப்போது எனக்கு இருபது வயது. யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

சண்டை முடிந்ததும் என் தொழில் என்ன ஆனது என்று கேட்டால், சமையல்காரர்களின் மலத்தைப் பார்ப்பதாக ஆனது. உண்மையாகவே சொல்கிறேன். முகாமில் சமைக்கிறவர்களுக்குப் பூச்சி, கிருமி இருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். பதினைந்து வருடம், ஊர் ஊராக, முகாம் முகாமாக அதுதான். அலுப்பாக இருந்தது, ஆனால் கண் கூர்மையானது. வெளியே வந்ததும் டிப்ளமோ எங்கே என்றார்கள். பட்டாளச் சான்றிதழை நீட்டினால் புரட்டிப் பார்த்துவிட்டு உதவியாளர் என்று எழுதிக்கொள்வார்கள். முதல் இடத்தில் நோயாளிகளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நிற்க வைத்தேன். "இது ஆஸ்பத்திரியா, பரேடா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அன்று திருத்திக்கொண்டேன். ஸ்லைடு பார்ப்பதை மட்டும் யார் சொல்லியும் நான் நிறுத்தவில்லை.

இவ்வளவையும் புங்க மரத்தடியில் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. "டாக்டரம்மா எத்தன மணிக்கு வருவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு."

"சரி, வாங்க."

பஸ் பிடித்தோம். வழியில் எனக்கு ஒரு போன் வந்தது. பட்டாளத்தில் எனக்கு மேலே இருந்த சுபேதார், இப்போது காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி வைத்திருக்கிறார். நான் எந்த வேலையை விட்டாலும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். இந்த முறை கவுன்டர்க்காரர் சொல்லியிருப்பார்.

"விட்டுட்டியாமே. மேட்டுப்பாளையத்துல ஒரு கேட்டு காலியா இருக்குடா. காலைல எட்டு மணிக்கு வந்துடு. யூனிபார்ம் ரெடி, விசிலும் ரெடி."

"யோசிச்சு சொல்றேன் சார்."

"இதுல இன்னாடா யோசன? எக்ஸ் சர்வீஸ்மேன்னா கேட்டுதான். லேபு லேபுன்னு எத்தன நாளு அலைவ?"

பதினோரு வருடமாக எல்லா ஊரிலும் இதையேதான் சொல்லக் கேட்டேன். துப்பாக்கியையே அதிகம் தொடாத என்னைக் கேட்டில் நிறுத்துவதில் எல்லோருக்கும் ஓர் ஆசை. போனை அணைத்துப் பையில் வைத்தேன்.

நர்சிங் ஹோமில் டாக்டர் அம்மா ஐந்தரைக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், சிரிக்காத முகம். அச்சடித்த தாளைப் பார்த்ததும், "மறுபடியும் முப்பத்தெட்டா? அப்ப தள்ளித்தான் போடணும்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். ஸ்லைடுகளை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்க படிப்பு?"

"பட்டாளத்துல பதினேழு வருஷம் லேப், டாக்டர்."

"அது அனுபவம். நான் படிப்பக் கேட்டேன்."

"பத்தாவது. ரெண்டாவது தடவ பாஸ்."

"அப்ப நீங்க சொல்றத நான் எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேணாம் டாக்டர். நீல மூடிக் குழாய்ல ரத்தம் எடுங்க. அதுல வேற மருந்து, ஒட்டாது. எங்க லேபுக்கு மட்டும் அனுப்பாதீங்க. வேற எங்க வேணா அனுப்புங்க. எடுத்த உடனே எண்ணச் சொல்லுங்க."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நான் நாளைக்குக் கேட்ல விசில் ஊதப் போறேன். இவங்க திரும்பப் பப்பாளி எல அரைக்கப் போறாங்க."

"நான் அரைக்க மாட்டேன்" என்றார் அந்தப் பெண். "மரத்துல எல இல்ல."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு நீல மூடிக் குழாய் கொண்டுவரச் சொன்னார். ஆட்டோவில் வேறொரு கூடத்துக்குப் போனது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் சாப்பாட்டு டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தை அவருக்கும் நீட்டினேன். எண்ணெய் ஆகாது என்றுவிட்டார். நான் சாப்பிட்டேன். என் கண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரம் சுவரில் பல்லி அசைந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

ஏழு மணிக்கு முடிவு வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். நீலக் குழாயில் இருக்கும் மருந்துத் தண்ணீருக்காகப் பத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார்.

"இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்கம்மா. காலைல ஒம்போது மணிக்கு ஆபரேஷன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க செவப்புல எழுதின ரிப்போர்ட் எங்க?"

"கிழிச்சுட்டாரு."

"கிழிச்சது சரிதான். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை கெடையாது. நாளைக்கு ஒண்ணு தப்பா எழுதிட்டா யாரு பொறுப்பு?"

"நான்தான் டாக்டர். அதுக்குத்தான் நம்பர் போட்டேன்."

"நீங்க செஞ்சது முறை இல்ல."

"தெரியும். திரும்ப இப்படி வந்தா திரும்பவும் செய்வேன்."

டாக்டர் ஸ்லைடுகளைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவர் நன்றி சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஸ்லைடுகள் அந்த இழுப்பறைக்குப் போனதே எனக்குப் போதும்.

வெளியே அந்தப் பெண் துணிமணி கொண்டுவரச் சொல்லிப் புருஷனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன் இல்லண்ணே?"

"மண்ணு ஏற்கெனவே இருந்துச்சும்மா."

"நாளைக்கு இன்னா பண்ணுவீங்க? மெய்யாவே விசிலா?"

தெரியவில்லை என்றேன்.

"உழவர்கரையில ஒரு மாட்டு டாக்டர் இருக்காரு. எங்க ஊரு மாடுங்கள்லாம் அங்கதான் ஓட்டிக்கினு போவோம். உண்ணிக் காய்ச்சல்னா காதுல ரத்தம் எடுத்துக் கண்ணாடியில தடவி மெட்ராஸுக்கு அனுப்பறாரு. பதிலு வர்றதுக்குள்ள மாடு செத்துப்பூடுது. போன மாசம் எங்களுது ஒண்ணு போச்சு. பார்க்கறதுக்கு ஆளு கெடைக்கலன்னு பொலம்பிக்கினே இருக்காரு."

"நான் மனுஷங்க ரத்தம் பார்க்கறவன்மா."

"மனுஷங்களுக்குப் பார்க்கத்தான் பேப்பர் கேக்கறானுங்களே. மாடு கேக்குமா?"

சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்தியால்பேட்டையில் என் அறைக்கு நடந்து போகும் வழி முழுக்க அந்தப் பேச்சு குத்திக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு மாட்டைக் காட்டுகிறார்களே என்று கோபம். ஆனால் கேட்டை நினைத்தபோது அந்தக் கோபம் மாட்டை விட்டு அதன் மேல் திரும்பியது. உண்ணிக் காய்ச்சல் கிருமி சிவப்பணுவுக்குள்தான் இருக்கும். மலேரியாவுக்குப் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். மலேரியா நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவன்.

காலையில் ஏழரைக்கு சுபேதாருக்கு போன் போட்டேன்.

"வரல சார்."

"யூனிபார்ம் இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்டா."

"நல்லது சார். விசில நீங்களே வச்சுக்குங்க."

உழவர்கரை டாக்டர் கால்நடை மருந்துக் கடையின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். இளைஞர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வந்த விஷயத்தைச் சொன்னேன். டிப்ளமோ இல்லை என்பதையும் நானே முதலில் சொல்லிவிட்டேன்.

"மாட்டு ரத்தம் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. கோவேறு கழுதை ரத்தம் பார்த்திருக்கேன். மலையில சுமை தூக்க வச்சிருந்தாங்க."

அவர் அலமாரியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து நகர்ந்தார். லென்ஸில் தூசி. துடைத்துவிட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் கிருமிகள் பேரிக்காய் போல இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. சொன்னேன். எத்தனை அணுக்களுக்கு ஒன்றில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"மெட்ராஸ்லேர்ந்து நேத்துதான் இதுக்கு பதில் வந்துச்சு" என்றார். "அதே பதில். மாடு திங்கக்கிழமையே போயிடுச்சு."

மணி ஒன்பது ஆகியிருந்தது. நகரத்தில் அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

"எப்ப வரீங்க?" என்றார் டாக்டர்.

"வந்துட்டேனே."

வெளியே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. கண் மஞ்சள் பாய்ந்திருந்தது. காதைச் சுற்றி உண்ணி. ரத்தம் நீங்கள்தான் எடுக்க வேண்டும், எனக்கு வேறு ஆள் இல்லை என்றார் டாக்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். காது நரம்பைத் தடவிப் பிடித்து ஊசியை வைத்ததும் அது தலையை உதறி என் தொடையில் ஓர் இடி இடித்தது. நான் காதை விடவில்லை.